மூன்று துறை, ஒரே பாடம்: எந்த நிதிக்கு எழுதுவது?

பொருநைக்கரை எழுதியது:

வணக்கம். தென்மாவட்டத்தில் அரசு உதவிபெறும் தன்னாட்சிக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் நடத்துகிறேன். தமிழ்த்துறை, கணினி அறிவியல், நாங்கள் என மூன்று துறையும் சேர்ந்து இளநிலைப் பிள்ளைகளுக்கு ஒரு விருப்பப்பாடம் தொடங்கலாம் என்று பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. நடுகல், கல்வெட்டு, ஓலைச்சுவடி இவற்றைப் படம்பிடித்து வாசிப்பதுதான் பாடம். தேய்ந்துபோன எழுத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் தெரியவைப்பது ஒளியியல். வாசிப்பது தமிழ். எடுத்த படங்களைச் சேர்த்துக் கணக்கிடுவது கணினி.

முதல்வரிடம் சொன்னோம். "அருமை, நிதி வாங்கிட்டு வாங்க" என்றார். அங்கேதான் நிற்கிறது. மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஸ்டார் காலேஜ் திட்டம் அறிவியல் துறைகளுக்கு மட்டும். செம்மொழி நிறுவனத்துக்கு எழுதினால் பயிலரங்கு நடத்தலாம், பாடம் நடத்த முடியாது. ஐசிஎஸ்எஸ்ஆர் கொடுப்பது சமூக அறிவியல் ஆய்வுக்கு. தொழில்நுட்பக் கல்வி மன்றமான ஏஐசிடிஇயின் ஐடியா லேப் திட்டம் பொறியியல் கல்லூரிக்காரர்களுக்கு, அதிலும் பாதிப் பணத்தைக் கல்லூரி புரட்ட வேண்டும். எந்த வாசலுக்குப் போனாலும் எங்களில் இரண்டு துறை வெளியே நிற்கிறது.

இப்படிப் பல துறை சேர்ந்து பாடம் நடத்த நிதி வாங்கியவர்கள் இங்கே இருக்கிறீர்களா? எதற்கு எழுதினீர்கள்? பணம் வந்த பிறகு பாடம் நடந்ததா?

பைத்தான்பிடாரன் எழுதியது:

முதல் பக்கத்தில் 'செயற்கை நுண்ணறிவு' என்று நான்கு இடத்தில் போடுங்கள் சார், மற்றதைக் குழு பார்த்துக்கொள்ளும்.

சரி, விளையாட்டு போதும். கணினிப் பக்கத்தில் உங்களுக்குப் பெரிய செலவே கிடையாது. வெளிச்சத்தை மாற்றி மாற்றி எடுத்த படங்களை ஒன்றாக்கும் ஆர்டிஐ (ரிஃப்ளெக்டன்ஸ் டிரான்ஸ்ஃபர்மேஷன் இமேஜிங்) மென்பொருள் இலவசம். படம் திருத்தும் கிம்ப் இலவசம். முப்பரிமாண உருவம் செய்ய மெஷ்ரூம் இலவசம், அதற்கு மட்டும் நல்ல கிராஃபிக்ஸ் அட்டை போட்ட கணினி ஒன்று வேண்டும். பயிற்சிக்கு ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியலில் பல மென்பொருள்களுக்குத் தமிழ்க் குரலிலேயே பாடம் இருக்கிறது. 'லேப் அமைக்க' என்று புரொபோசலைத் தொடங்கினீர்கள் என்றால் நாற்பது கணினி, ஏசி, ஸ்மார்ட் போர்டு என்று பட்டியல் வளர்ந்து, கடைசியில் கல்லூரிக்கு இன்னொரு பிசிஏ லேப் கிடைக்கும்.

ஒரு தொழில்நுட்ப விஷயம். டெசராக்ட் போன்ற எழுத்துணரி இன்றைய அச்சுத் தமிழை ஓரளவு நன்றாகவே வாசிக்கும். சுவடியைக் காட்டினால் உளறும். சுவடியில் புள்ளி இருக்காது. ரகரமும் காலும் ஒரே மாதிரி இருக்கும். எகரமா ஏகாரமா என்பது சொல்லை வைத்துத்தான் தெரியும். 'இந்த இடத்தில் இது கால் அல்ல, ரகரம்' என்று சொல்ல வாசிக்கத் தெரிந்த ஒருவர் கணினி மாணவனுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். உங்கள் பாடத்தில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். எந்தத் துறையும் தனியாகச் செய்ய முடியாது.

பணிநிறைவு எழுதியது:

மதிப்பீட்டுக் குழுக்களில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன். சில விஷயங்களை வெளிப்படையாகச் சொல்கிறேன்.

பல துறை சேர்ந்த படிப்புக்கு நிதி என்பது இப்போது வந்த புதுமை அல்ல. ஐந்தாண்டுத் திட்டங்கள் இருந்த காலத்தில் யுஜிசியிடம் (பல்கலைக்கழக மானியக்குழு) 'இன்னோவேட்டிவ் புரோகிராம்' என்றே ஒரு திட்டம் இருந்தது. துறைகள் சந்திக்கும் இடங்களிலும் புதிதாக முளைக்கும் துறைகளிலும் படிப்பு தொடங்கப் பணம் கொடுத்தார்கள். திட்டக்காலம் வரை யுஜிசி பார்த்துக்கொள்ளும், அதன்பின் நிறுவனம் தானே தாங்கிக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. பன்னிரண்டாவது திட்டம் 2017 மார்ச் 31இல் முடிந்தது. அந்த முறையே அதோடு போயிற்று. 2019இல் ஸ்ட்ரைட் என்று ஒன்றை அறிவித்தார்கள், துறைகடந்த ஆய்வுக்கென்றே.

நான் பார்த்தவரை பணம் நின்றபின் எஞ்சியவை எப்போதும் ஒன்றே: பீரோ, கணினி, பெயர்ப்பலகை. பாடம் எஞ்சியது அபூர்வம். யாரும் கையாடவில்லை. படிவத்தின் அமைப்பே அப்படி. நான்-ரெக்கரிங், அதாவது ஒருமுறைச் செலவு என்று ஒரு கட்டம், அதில் கருவி. ரெக்கரிங், அதாவது தொடர்செலவு என்று ஒரு கட்டம், அதில் வேதிப்பொருள், கண்ணாடிச் சாமான், பயணம், விருந்தினர் சொற்பொழிவு. இரண்டு ஆசிரியர்கள் ஒரே வகுப்பில் நிற்பதற்கு ஆகும் நேரத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது? இடமே இல்லை. ஆய்வுக்கு வரும் குழுவும் 'கருவி எங்கே, ஸ்டாக் ரெஜிஸ்டர் எங்கே' என்றுதான் கேட்கும். நானும் அதைத்தான் கேட்டேன்.

ஆகவே எந்த நிதி என்பதை அப்புறம் பார்க்கலாம். உங்கள் மூவரின் நேரம் எங்கிருந்து வரப்போகிறது?

சுயநிதிக்காரி எழுதியது:

ஐயா கேட்டதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. எங்களிடமிருந்து வரும். :)

நான் சுயநிதிப் பிரிவில் கணினி அறிவியல் நடத்துகிறேன், தொகுப்பூதியம். உதவிபெறும் பிரிவு காலை ஷிஃப்ட், நாங்கள் பிற்பகல். எங்கள் கல்லூரியில் ஒரு முறை இதே போல இரண்டு துறைகள் சேர்ந்து புரொபோசல் போட்டார்கள். முதன்மை ஆய்வாளர் நிரந்தரப் பணியில் இருப்பவராக இருக்க வேண்டும் என்பதால் என் பெயர் வரவில்லை. தரவு சேர்த்தது, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது, அறிக்கை தட்டச்சு செய்தது எல்லாம் நானும் இன்னொரு மேடமும். கோடை விடுமுறையில் எங்களுக்குச் சம்பளம் இல்லை, ஆனால் அறிக்கை ஜூனில் போக வேண்டும் என்று மே மாதம் முழுக்க வேலை. நிறைவு விழாவில் எங்களுக்குக் கீழ்வரிசை நாற்காலி.

பொருநைக்கரை சார், உங்கள் கணினித்துறை எந்த ஷிஃப்ட்? உதவிபெறும் பிரிவா, சுயநிதியா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

பொருநைக்கரை எழுதியது:

சுயநிதி மேடம். பிற்பகல் ஷிஃப்ட்தான். நீங்கள் கேட்ட பிறகுதான் பிரச்சினையின் முழு அளவு தெரிகிறது. எங்கள் பிள்ளைகளுக்கு 1.30க்கு வகுப்பு முடியும்போது அவர்களுக்குத் தொடங்குகிறது.

ஒர்க்லோடு பற்றியும் சொல்லிவிடுகிறேன், வெளியிலிருந்து படிப்பவர்களுக்குப் புரியட்டும். யுஜிசியின் 2018 விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடி வகுப்பு, இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14. உதவிபெறும் கல்லூரியில் ஒரு துறையில் மொத்தம் எத்தனை மணி நேரம் பாடம் இருக்கிறது என்பதை வைத்துத்தான் அங்கே எத்தனை பணியிடம் என்று மண்டல இணை இயக்குநர் அலுவலகம் கணக்குப் பார்க்கும். ஒரே வகுப்பில் நானும் தமிழ்த்துறைப் பேராசிரியரும் நின்றால் அந்த நேரம் ஒரு துறைக்குத்தான் ஏறும். இன்னொரு துறைக்கு அது பூஜ்யம். எங்கள் துறைத்தலைவர் நல்லவர், ஆனாலும் 'அடுத்த வருஷம் ஒருவர் ஓய்வு பெறுகிறார், மணி நேரம் குறைந்தால் அந்த இடத்தை நிரப்ப விடமாட்டார்கள், இந்த நேரத்தில் விளையாட வேண்டாம்' என்கிறார். அவர் சொல்வதை மறுக்க எனக்கு வார்த்தை வரவில்லை.

ஏடும் எழுத்தாணியும் எழுதியது:

தமிழ்த்துறைக்காரன் வந்துவிட்டேன். இந்தச் சேர்க்கைகளில் எங்களுக்குத் தரப்படும் பங்கு எது என்று எனக்கு நன்றாகத் தெரியும்: வாழ்த்துப்பா, பிழைதிருத்தம், கொஞ்சம் தட்டச்சு. உங்கள் திட்டம் அப்படி இல்லை என்று தெரிவதால் எழுதுகிறேன்.

பொருள் பற்றிச் சில. கல்வெட்டுக்குப் படம் மட்டும் போதாது, மைப்படி எடுக்கவும் பிள்ளைகள் கற்க வேண்டும். ஈரத்தாளைக் கல்மேல் ஒட்டி, தூரிகையால் அடித்துப் பள்ளங்களுக்குள் இறக்கி, காயும் பதத்தில் மை ஒற்றுவது. கை பழகச் சில வாரம் ஆகும், செலவு மிகக் குறைவு. மைப்படியையும் உங்கள் ஒளிப்படத்தையும் பக்கத்தில் வைத்து எந்த எழுத்து எதில் தெரிகிறது என்று ஒப்பிட்டாலே பாதிப் பாடம் முடிந்தது. சுவடிக்குப் புல்தைலம் தடவித் துடைத்து, விளக்குக்கரி பூசினால் எழுத்து எழும்பும். ஆனால் பிறர் வீட்டுச் சுவடியில் மாணவர் கையை வைக்கவிடக் கூடாது. வெற்று ஓலை வாங்கி, எழுத்தாணியால் அவர்களே எழுதி, அதில் பழகட்டும்.

அனுமதி! இதை எல்லோரும் கடைசியில் நினைக்கிறார்கள். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடத்தில் முக்காலி வைத்துப் படமெடுக்கத் தனி அனுமதி வேண்டும். கோயில் என்றால் அறநிலையத்துறை. இந்தக் கடிதங்கள் போய் வருவதற்குள் பருவம் முடிந்துவிடும். ஊர்ப் பொதுவிடத்தில் கிடக்கும் நடுகல்லில் தொடங்குங்கள், ஊராட்சித் தலைவரிடம் சொல்லிவிட்டு. ஊர்ப் பெரியவர்கள் அந்தக் கல்லுக்குப் பொங்கல் வைப்பவர்களாக இருந்தால் அவர்களிடமும்.

இயற்பியலில் ஒரு சந்தேகம். மங்கிய சுவடிக்கு அகச்சிவப்புப் படம் உதவும் என்கிறார்களே, ஏன்?

மூன்றாமாண்டு எழுதியது:

நான் மாணவி, பி.எஸ்சி. கணிதம். பேராசிரியர்கள் பேசும் இடத்தில் குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும்.

எங்கள் கல்லூரியில் 'பல்துறைப் பாடம்' என்று ஒன்று படித்தேன். முதல் ஐந்து வாரம் ஒரு சார் வந்தார், அடுத்த ஐந்து வாரம் வேறு மேடம், கடைசியில் இன்னொருவர். ஒருவர் நடத்தியது இன்னொருவருக்குத் தெரியாது. மூன்றாவதாக வந்தவர் நாங்கள் ஏற்கெனவே படித்ததையே மறுபடி நடத்தினார். கேள்வித்தாளும் அலகு அலகாகப் பிரித்து மூன்று பேர் தனித்தனியாக எடுத்தது. நாங்கள் இரண்டு பேருடைய பகுதியை மட்டும் படித்து, சாய்ஸில் மூன்றாவதை விட்டுவிட்டுப் பாஸ் பண்ணினோம். அது மூன்று குட்டிப் பாடம்தானே ஐயா?

நீங்கள் நடத்தும்போது மூன்று பேரும் ஒரே நேரத்தில் வகுப்பில் இருப்பீர்களா?

நெறியாளர் எழுதியது:

'புரொபோசல் எழுதித் தருகிறோம், ஒப்புதல் வந்தபின் சதவீதம் கொடுத்தால் போதும்' என்று ஒருவர் இங்கே கைபேசி எண்ணுடன் போட்ட பதிவை நீக்கிவிட்டேன். இன்னொரு முறை வந்தால் கணக்கும் நீக்கப்படும். தொடருங்கள்.

பொருநைக்கரை எழுதியது:

தங்கை கேட்டது சரியான கேள்வி. மூவரும் எல்லா வகுப்பிலும் இருக்க வழியில்லை. ஆனால் வாரத்துக்கு ஒரு செய்முறை வகுப்பிலாவது இருவர் இருந்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் நீங்கள் சொன்ன கதைதான்.

ஐயாவின் சந்தேகத்துக்கு: கரி அகச்சிவப்பை விழுங்கும், ஓலை அதைப் பெரும்பாலும் திருப்பி அனுப்பும். நம் கண்ணுக்கு ஓலையும் பழுப்பு, அழுக்கும் பழுப்பு, கரியும் மங்கல், எல்லாம் ஒரே குழப்பம். அகச்சிவப்பில் பார்த்தால் ஓலை வெளுத்து, எழுத்துக்குள் இருக்கும் கரி மட்டும் கறுப்பாக நிற்கும். கரி பூசாத ஓலையில் இந்த வித்தை அவ்வளவாகப் பலிக்காது. கேமராவின் சென்சார் அகச்சிவப்பைப் பார்க்கக் கூடியதுதான், அதன் முன் ஒரு வடிகட்டி வைத்துத் தடுத்திருக்கிறார்கள். பழைய கேமரா ஒன்றில் அதைக் கழற்றிவிட்டு, கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்து அகச்சிவப்பை மட்டும் விடும் வடிகட்டி ஒன்றை லென்ஸின் முன் மாட்டினால் போதும்.

ஆர்டிஐ இன்னும் எளிது. கேமரா முக்காலியில் அசையக் கூடாது, கல்லும் அசையாது. விளக்கை மட்டும் ஒரே தூரத்தில், வெவ்வேறு கோணங்களில் பிடித்து நாற்பது ஐம்பது படம். தூரம் மாறாமல் இருக்க ஒரு நூல். ஒவ்வொரு படத்திலும் விழும்படி பளபளப்பான கறுப்புப் பந்து ஒன்றைக் கல்லுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். பந்தில் மின்னும் புள்ளி எங்கே இருக்கிறது என்று பார்த்து வெளிச்சம் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று மென்பொருள் கணக்கிடும். அப்புறம் திரையில் நாமே வெளிச்சத்தை உருட்டிப் பார்க்கலாம். ஒரு கோணத்தில் வெறுங்கல்லாகத் தெரிந்த இடம் இன்னொரு கோணத்தில் வரியாகிவிடும். இந்த முறையின் வேர் 2001இல் எச்.பி. ஆய்வகத்தில் டாம் மால்ஸ்பெண்டர் செய்த வேலை. இரண்டாமாண்டு ஒளியியல் படித்த பிள்ளைக்கு இதில் புரியாதது எதுவும் இல்லை.

மிசிசிப்பிக்கரை எழுதியது:

அமெரிக்காவில் ஒரு சின்னக் கலைக் கல்லூரியில் வேலை பார்க்கிறேன். பணிநிறைவு ஐயா கேட்ட 'நேரம்' என்ற கட்டம் இங்கே படிவத்தில் உண்டு, அதைச் சொல்லத்தான் வந்தேன்.

தேசிய மனிதவியல் நிதியம், என்இஎச், 'ஹியூமானிட்டீஸ் கனெக்‌ஷன்ஸ்' என்று ஒரு திட்டம் நடத்தியது. மொழி, வரலாறு போன்ற துறை ஒன்று அறிவியல், பொறியியல், வணிகம், மருத்துவம் என்று வெளித்துறை ஒன்றோடு கைகோத்தால்தான் விண்ணப்பிக்கவே முடியும். இரண்டு படி. முதல் படி திட்டமிட மட்டும் பணம். இரண்டு துறை ஆசிரியரும் உட்கார்ந்து பாடத்தைச் செதுக்க, கோடையில் ஊதியம், அல்லது பருவத்தில் ஒரு வகுப்பைக் குறைத்துக்கொண்டு அந்த வகுப்புக்கு வேறொருவரை வைக்கச் செலவு. பாடம் உருவான பிறகு இரண்டாம் படியில் நடத்துவதற்குப் பணம். கருவியைப் பற்றி அப்புறம்தான் பேச்சு.

பொறாமைப்பட வேண்டாம். 2025 ஏப்ரலில் என்இஎச் ஏற்கெனவே கொடுத்திருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிதியுதவிகளை ஒரே வாரத்தில் ரத்து செய்து கடிதம் அனுப்பினார்கள். பாதியில் நின்ற பாடங்கள், பாதியில் அனுப்பப்பட்ட உதவியாளர்கள். மெல்லன் அறக்கட்டளை மாநில மனிதவியல் கழகங்களுக்கு அவசரமாக 1.5 கோடி டாலர் கொடுத்து ஓரளவு முட்டுக்கொடுத்தது. எங்கள் கல்லூரியில் அதற்குப் பின்னும் தாக்குப்பிடித்தவை, பாடத்திட்டத்துக்குள் ஏற்கெனவே நுழைந்துவிட்ட வகுப்புகள்தான்.

இன்னொன்று. எடுத்த படங்களின் பிரதியை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தில் தமிழகச் சுவடிகள் உட்பட எத்தனையோ ஆவணங்கள் இருந்தன. 2023 அக்டோபரில் நூலகத்தின் மீது நடந்த இணையத் தாக்குதலுக்குப் பின் மாதக்கணக்கில் அவற்றைப் பார்க்கவே முடியவில்லை.

பைத்தான்பிடாரன் எழுதியது:

லண்டனுக்கே அந்தக் கதி. எங்கள் கல்லூரி சர்வர் மழை பெய்தாலே படுத்துவிடும்.

கோப்பு எண் 47 எழுதியது:

கல்லூரி அலுவலகத்தில் கணக்குப் பிரிவு. பேராசிரியர்கள் யாரும் அலுவலகத்தைக் கேட்காமலே புரொபோசல் எழுதிவிடுவார்கள், பணம் வந்ததும் எங்களிடம் வருவார்கள். இங்கே முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

மத்திய அரசுப் பணம் என்றால் பிஎஃப்எம்எஸ் என்ற அரசின் நிதி மேலாண்மைத் தளம் வழியாகத்தான் வரும். தனிக் கணக்கு. அதில் வட்டி சேர்ந்தால் அது உங்களுடையது அல்ல, அரசுக்குப் பணம் கட்டும் பாரத்கோஷ் தளத்தில் கட்டித் திருப்ப வேண்டும். பல பேர் வட்டியையும் சேர்த்துச் செலவு செய்துவிட்டு ஆடிட்டரிடம் மாட்டுவார்கள். யு.சி., அதாவது பணத்தைச் செலவிட்டதற்கான பயன்பாட்டுச் சான்று தராவிட்டால் அடுத்த தவணை வராது. பொருள் வாங்குவது அரசின் கொள்முதல் தளமான ஜெம்மில். கேமரா, கணினி எல்லாம் அங்கே கிடைக்கும். உங்கள் கறுப்புப் பந்தை அங்கே தேடிக்கொண்டிருக்க வேண்டாம் சார், அதைச் சில்லறைச் செலவில் எழுதுங்கள்.

பணம் எப்போது வரும் என்பது முக்கியம். ஆகஸ்டில் ஒப்புதல் கடிதம், பிப்ரவரியில் பணம், மார்ச் 31க்குள் செலவு என்பது நான் அடிக்கடி பார்க்கும் வரிசை. ஆறு வாரத்தில் செலவழிக்கக் கூடியது எது? பொருள்தான். பாடத்துக்கான செலவு பருவம் முழுக்கச் சிறுகச் சிறுக வருவது, அந்த ஆறு வாரத்துக்குள் அடங்காது. கருவியாகவே வாங்கிக் குவிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஐயா சொன்ன படிவம் மட்டும் காரணம் இல்லை.

அடுத்தது ஸ்டாக். இயற்பியல் துறைப் பேரேட்டில் கேமரா ஏறினால் அது இயற்பியல் துறை பீரோவில்தான் இருக்கும். தமிழ்த்துறைப் பிள்ளை கேட்டால் துறைத்தலைவர் கையெழுத்து வேண்டும். அவர் விடுப்பில் இருப்பார். லேப் அசிஸ்டென்ட் 'என் பொறுப்பில் இருக்கிற பொருள், உடைந்தால் என் சம்பளத்தில் பிடிப்பார்கள்' என்பார், அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. நான் சொல்வது: கேமரா, முக்காலி, விளக்கு மூன்றையும் நூலகத்தின் பேரேட்டில் ஏற்றுங்கள். புத்தகம் கொடுப்பதைப் போல அடையாள அட்டைக்குக் கொடுக்கட்டும். நூலகம் எந்தத் துறைக்கும் சொந்தமில்லை, இரண்டு ஷிஃப்டிலும் திறந்திருக்கும். விதியில் இதற்குத் தடை கிடையாது. திட்டத்தின் ஒப்புதல் கடிதத்தில் 'நிறுவனத்தின் சொத்து' என்றுதான் இருக்கும், துறையின் சொத்து என்று இருக்காது.

ஏடும் எழுத்தாணியும் எழுதியது:

நூலக யோசனைக்கு ஒரு கும்பிடு. இத்தனை காலம் கல்லூரியில் இருந்தும் எங்களில் யாருக்கும் இது தோன்றவில்லை.

பணிநிறைவு எழுதியது:

மார்ச் 31 பற்றி அவர் சொன்னது முழுக்க உண்மை. குழுவில் உட்கார்ந்தபோது எங்களுக்கு அது தெரிந்திருக்கும், ஆனால் யாரும் பேச மாட்டோம்.

பொருநைக்கரை தம்பி, என் யோசனை இது. பெரிய நிதியை இப்போது மறந்துவிடுங்கள். முதலில் 30 மணி நேர மதிப்புக்கூட்டுப் பாடமாக, அதாவது பட்டப்படிப்புக்கு வெளியே சான்றிதழ் தரும் குறும்பாடமாக நடத்துங்கள். கல்லூரிகளைத் தரமிடும் நாக் அமைப்பின் கணக்கில் அது வரும் என்பதால் எந்த நிர்வாகமும் வேண்டாம் என்று சொல்லாது. ஒரு பருவம் நடந்தபின் பாடத்திட்டக் குழுவில் வைத்து, கல்விக் குழுவில் ஒப்புதல் வாங்கி, பட்டப்படிப்புப் பாடத்திட்டத்தின் பகுதி நான்கில் முதன்மைப்பாடம் சாராத விருப்பப்பாடமாக ஆக்குங்கள். தன்னாட்சிக் கல்லூரிக்கு இந்த அதிகாரம் முழுக்க உண்டு, அதைப் பயன்படுத்துகிறவர்கள்தான் குறைவு. இதற்கிடையில் சிறு தொகைகள்: மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் செயல்திட்ட உதவி, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் கணித்தமிழ்ப் பேரவை, செம்மொழி நிறுவனப் பயிலரங்கு. மூன்றும் மூன்று துறை வழியாக வரட்டும், பாடம் ஒன்றாக இருக்கட்டும். பெரிய விண்ணப்பம் எழுதும்போது 'தொடங்கப் போகிறோம்' என்று எழுதுகிறவரை விட 'இரண்டு அணி முடித்துவிட்டது, இதோ அவர்கள் எடுத்த படங்கள்' என்று காட்டுகிறவருக்குக் குழு இறங்கிவரும். இது நான் உறுதியாகச் சொல்லக் கூடியது.

சுயநிதிக்காரி எழுதியது:

ஐயா, மன்னிக்க வேண்டும், மதிப்புக்கூட்டுப் பாடம் என்றால் வகுப்பு முடிந்த பிறகுதானே? காலை ஷிஃப்ட் பிள்ளைகள் 1.30க்கு மேல் ஏன் இருப்பதில்லை தெரியுமா? பாதிப் பேர் பிற்பகல் ஜவுளிக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் வேலைக்குப் போகிறார்கள். எங்கள் பிற்பகல் பிள்ளைகள் ஆறரைக்கு முடித்து ஊர் பஸ்ஸைப் பிடிக்கிறார்கள், அதை விட்டால் அடுத்தது எட்டு மணிக்கு. வகுப்பு நேரத்துக்கு வெளியே வைக்கும் எந்தப் பாடமும் உள்ளூரில் வீடு இருக்கிற பிள்ளைகளுக்கான பாடம்தான். பதிவேட்டில் அறுபது பெயர் இருக்கும், வந்து உட்காருவது பன்னிரண்டு.

30 மணி நேரத்துக்கு ஆசிரியருக்கு என்ன கொடுப்பார்கள்? சான்றிதழ்.

பணிநிறைவு எழுதியது:

அம்மா சொல்வதில் நேர விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முன்னோட்டம் இல்லாமல் நேராகப் பாடத்திட்டக் குழுவுக்குப் போனால் வெளி உறுப்பினர் முதல் கேள்வியிலேயே விழவைத்துவிடுவார். சனிக்கிழமை?

சுயநிதிக்காரி எழுதியது:

சனிக்கிழமை பாதி நாள் என்றால் இரண்டு ஷிஃப்டும் சந்திக்கலாம். ஆனால் சனிக்கிழமை வருகிற சுயநிதி ஆசிரியருக்கு மணிக்கு இவ்வளவு என்று நிர்வாகம் முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். புரொபோசலில் எங்கள் பெயரும் வர வேண்டும். முதன்மை ஆய்வாளராக முடியாது என்றால் இணை ஆய்வாளர், அதுவும் முடியாது என்றால் பாடத்திட்டத்தில் 'பாடம் வடிவமைத்தவர்கள்' என்ற வரியிலாவது. கருவிக்கு எழுதும் தொகையில் ஒரு லென்ஸைக் குறைத்தால் ஒரு பருவத்துக்கான எங்கள் மதிப்பூதியம் வந்துவிடும். அதைக் குறைக்க யாருக்கும் மனம் வராது, பார்த்துவிட்டேன்.

பொருநைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இன்று மாலை நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம், கணினித்துறை மேடத்தையும் சேர்த்து. முடிவானவை இவை.

பெரிய நிதிக்கு இந்த ஆண்டு எழுதவில்லை. சனிக்கிழமை காலை, 30 மணி நேரம், இருபத்தொரு பிள்ளைகள் மட்டும். செய்முறை எல்லாவற்றுக்கும் இருவர் கட்டாயம். துறையில் இருக்கும் பழைய கேமராவைப் பயன்படுத்துகிறோம். முக்காலியும் ஃபிளாஷும் முன்னாள் மாணவர் சங்கத்திடம் கேட்டிருக்கிறோம். அவை நேராக நூலகப் பேரேட்டுக்குப் போகும், நூலகர் சம்மதித்துவிட்டார், அவரே கொஞ்சம் உற்சாகமாகத்தான் இருந்தார். தேர்வு கிடையாது. மூன்று பேர் கொண்ட குழு, குழுவில் மூன்று துறையிலிருந்தும் ஒருவர், ஒரு நடுகல்லை எடுத்து, மைப்படி, ஆர்டிஐ, வாசிப்பு, வாசிக்க முடியாத இடங்களின் பட்டியல் எல்லாம் சேர்த்து ஒரே அறிக்கை. மூன்றாமாண்டு தங்கை சொன்ன 'சாய்ஸில் விடும்' வழியை இப்படி அடைத்தாயிற்று.

ஒர்க்லோடு சிக்கல் தீரவில்லை. துறைத்தலைவரிடம் பேசியதில் அவர் ஒரு வழி சொன்னார்: விருப்பப்பாடமாக மாறும்போது ஒற்றைப்படைப் பருவத்தில் இயற்பியல் கணக்கில், இரட்டைப்படைப் பருவத்தில் தமிழ் கணக்கில் ஏற்றுவது. இணை இயக்குநர் அலுவலகம் ஏற்குமா என்று அவரே கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

சுயநிதி மதிப்பூதியத்துக்கு முதல்வரிடம் எழுத்தில் கேட்டிருக்கிறோம். அது வந்த பிறகுதான் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம் என்று மூவரும் சொல்லிவிட்டோம்.

கோப்பு எண் 47 எழுதியது:

நல்லது. இரண்டு விஷயம். முன்னாள் மாணவர் சங்கம் பொருளாகத் தந்தால் நன்கொடைக் கடிதமும் பில்லின் நகலும் வாங்கி வையுங்கள், மதிப்பு இல்லாமல் பேரேட்டில் ஏற்ற முடியாது. முதல்வர் கடிதத்தில் 'மணிக்கு இவ்வளவு' என்பதோடு எந்தக் கணக்கிலிருந்து என்பதையும் கேட்டு வாங்குங்கள். தலைப்பு இல்லாமல் வரும் உத்தரவை நாங்கள் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும், அப்புறம் என்மேல் கோபிக்கக் கூடாது.